முதலில் கால்வாய், பிறகு மண்டபம்: வெளிநாட்டுக் குத்தகையாளரிடம் தோட்டப் பட்டணம் எதைக் கேட்பது

தோட்டத்து ஓரமாக ரயில் பாதையோ நெடுஞ்சாலையோ வரப்போகிறது, வேலையைக் குத்தகைக்கு எடுத்திருப்பது வெளிநாட்டு நிறுவனம் என்று தெரிந்ததும் நம் மலேசியத் தோட்டப் பட்டணங்களில் மனுக்கள் பறக்கும். கோவில் நிர்வாகம் ஒன்று எழுதும், பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஒன்று எழுதும், காற்பந்துக் குழு ஒன்று எழுதும். கூரைத் தகடு, நாற்காலி, கணினி, ஜெர்சி. நிறுவனமும் கொடுக்கும். ஆள் உயரத்துக்கு ஒரு மாதிரி காசோலை, அதைப் பிடித்துக்கொண்டு ஆறு பேர், மறுநாள் பத்திரிகையில் படம். காசோலையில் 10,000 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 டன் எக்ஸ்கவேட்டர் ஒன்றை ஓட்டுநரோடு ஒரு மாதம் வாடகைக்கு எடுத்தால் ஏறக்குறைய அவ்வளவு ஆகும்.

கொடுப்பதை வாங்கிக்கொள்வதில் தவறில்லை. ஆனால் அந்தப் படம் எடுத்த அதே வாரத்தில் லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, பின்னால் இருக்கும் கால்வாய் மண்ணால் அடைபட்டிருக்கும். நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு என்று நாம் முதலில் பார்க்க வேண்டியது அந்தக் கால்வாயைத்தான். ஊருக்கு வந்து சேரும் நன்மையும் கெடுதலும் பெரும்பாலும் வேலை ஒப்பந்தப் பத்திரத்திலும் மண்வேலை வரைபடத்திலும் தீர்மானமாகிவிடுகின்றன. அதற்கு முன்னால் கேட்பவருக்குக் கிடைக்கும். மண்வேலை பாதி முடிந்த பிறகு கேட்பவருக்கு நாற்காலிதான் கிடைக்கும்.

பகாங் மாநிலத்தில் கராக், மெந்தகாப், மாரான் பக்கம் இருப்பவர்களுக்கு இது தூரத்து விஷயம் இல்லை. பகாங்கிலிருந்து சிலாங்கூருக்குத் தண்ணீர் கொண்டுபோகும் 44.6 கிலோமீட்டர் சுரங்கத்தை, ஜப்பானியக் கடனில், ஜப்பான் நிறுவனங்கள் இரண்டும் மலேசிய நிறுவனங்கள் இரண்டும் சேர்ந்து தோண்டின. கிழக்குக் கரை ரயில் பாதையைச் சீன அரசு நிறுவனம் கட்டுகிறது. அது 2017-இல் தொடங்கி, 2018 ஜூலையில் நிறுத்தப்பட்டு, 2019 ஏப்ரலில் திருத்திய ஒப்பந்தத்தோடு மறுபடி எழுந்தது. அந்தத் திருத்தத்தில் கட்டுமான வேலைகளில் 40 விழுக்காடு உள்ளூர்க் குத்தகையாளர்களுக்கு என்று எழுதப்பட்டது. தெற்கே செரம்பான்–கெமாஸ் இரட்டைப் பாதையைக் கட்டியது இந்திய அரசு நிறுவனமான இர்கோன். ஆக, ஜப்பான், சீனா, இந்தியா மூன்றும் நம் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே வேலை செய்திருக்கின்றன. மூன்றுக்கும் தாய்நாட்டு விதிகள் வேறு, கடன் கொடுத்தவரின் விதிகள் வேறு. யாரிடம் எதைக் கேட்க முடியும் என்பது அங்கிருந்து தொடங்குகிறது.

கடன் யாருடையது என்று முதலில் விசாரியுங்கள். உலக வங்கிக் கடன் என்றால் 2018 அக்டோபர் 1 முதல் நடப்பில் உள்ள சுற்றுச்சூழல், சமூக விதிகள் பத்தும் அந்தத் திட்டத்துக்குப் பொருந்தும்: தொழிலாளர் நிலை, நிலம் எடுத்தல், ஊர் மக்களோடு கலந்து பேசுதல் எல்லாம் அதில் அடக்கம். அந்த விதிகள் கடுமையானதற்குப் பின்னால் ஒரு துயரம் இருக்கிறது. உகாண்டாவில் கம்வெங்கே முதல் ஃபோர்ட் போர்ட்டல் வரை போட்ட சாலையில், வெளிநாட்டு நிறுவனத்தின் கீழ் வேலை செய்த ஆட்கள் அக்கம்பக்கத்துப் பள்ளிச் சிறுமிகளைச் சீரழித்த புகார்கள் வெளிவந்தன. 2015 டிசம்பரில் உலக வங்கி அந்தத் திட்டத்துக்கான பணத்தையே ரத்து செய்தது. 2021 முதல், பாலியல் கொடுமையைத் தடுக்கும் கடமையில் தவறும் குத்தகையாளரை வங்கி தன் கடன் வேலைகளிலிருந்து இரண்டு ஆண்டு விலக்கி வைக்கலாம். சாலை வேலை நடந்தது பள்ளிக்கூடங்களை ஒட்டித்தான். நம் தமிழ்ப்பள்ளிகளும் சாலையை ஒட்டித்தான் இருக்கின்றன.

ஜப்பானின் வெளிநாட்டு உதவி நிறுவனமான ஜைக்காவின் கடன் என்றால் அதற்கென்று வழிகாட்டிகளும், பாதிக்கப்பட்டவர் நேரே ஆட்சேபம் எழுதும் முறையும் உண்டு. சீன ஏற்றுமதி இறக்குமதி வங்கிக் கடன் என்றால் உலக வங்கி விதிகள் வராது. அப்போது மலேசியச் சட்டமும், சீனாவின் வெளிநாட்டுக் குத்தகையாளர் சங்கம் 2010-இல் தன் உறுப்பினர்களுக்காக வெளியிட்ட சமூகப் பொறுப்பு வழிகாட்டியும்தான் கையில் இருக்கும். வழிகாட்டி என்பது சட்டமில்லை. ஆனாலும் மனுவில் அதன் பெயரைக் குறிப்பிட்டால் தலைமையகத்துக்குப் போகும் அறிக்கையில் அதற்குப் பதில் எழுத வேண்டி வரும்.

இந்திய நிறுவனம் விஷயத்தில் நம்மவர்கள் அடிக்கடி இடறும் இடம் ஒன்று உண்டு. இந்தியாவின் 2013-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 135-ஆம் பிரிவு, பெரிய நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. அதைக் கேள்விப்பட்டுத் தலைமையகத்துக்கு அழகாகக் கடிதம் எழுதுவார்கள். ஆனால் விளையாட்டு வீரர் பயிற்சியைத் தவிர, இந்தியாவுக்கு வெளியே செய்யும் செலவு அந்தக் கணக்கில் சேராது. ஆகவே சமூகப் பொறுப்பு நிதியைக் கேட்காமல் திட்டச் செலவிலிருந்து கேளுங்கள். வேலைத்தள மேலாளரிடம் இருக்கும் பணம் அதுதான்.

திட்டச் செலவு என்றதும் குத்தகையின் அமைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. மண் தடுப்புத் துணி இத்தனை மீட்டர், மண்ணைப் படிய வைக்கும் வண்டல் குளம் இத்தனை, தண்ணீர் லாரி இத்தனை நாள் என்று அளவுப் பட்டியலில் தனித்தனி வரியாக விலை போட்டிருந்தால், குத்தகையாளர் அதைச் செய்தால்தான் மாதப் பணம் வரும். செய்வார். ‘சுற்றுச்சூழல் பாதுகாப்பு, மொத்தத் தொகை’ என்று ஒற்றை வரியில் போட்டிருந்தால், செய்யாமல் விடும் ஒவ்வொரு மீட்டரும் அவருக்கு மிச்சம். வடிவமைப்பு முதல் கட்டி ஒப்படைப்பது வரை ஒரே தொகையில் எடுத்த வேலைகளில் இந்த ஆபத்து அதிகம். கெட்ட எண்ணம் இருந்தாக வேண்டும் என்பதில்லை, கணக்கு அப்படி இழுக்கிறது. அதனால் புகாரைக் குத்தகையாளருக்கு மட்டும் கொடுக்காதீர்கள். மேற்பார்வைப் பொறியாளருக்கும் திட்ட உரிமையாளருக்கும் நகல் போகட்டும். மாதாமாதம் பணச் சான்றிதழில் கையெழுத்திடுபவர் அனுப்பும் கடிதத்துக்கு மூன்று நாளில் பதில் வரும். ஊர்த் தலைவர் அனுப்பும் கடிதம் கோப்பில் தூங்கும்.

இனி கால்வாய். தோட்டத்து நிலம் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு வழியும் நிலம். செம்பனை வரிசைக்கு நடுவே வெட்டிய சின்ன வாய்க்கால்கள் ஒன்று சேர்ந்து லயத்தைத் தாண்டி ஆற்றில் விழும். அதற்குக் குறுக்கே ஐந்து மீட்டர் உயரத்துக்கு மண் மேடு எழுப்பினால், அத்தனை தண்ணீரும் மேட்டுக்கு அடியில் பதிக்கும் குழாய்கள் வழியாக மட்டுமே போக வேண்டும். குழாய் எத்தனை என்பதில்தான் லயத்து வீடுகளின் கதி இருக்கிறது.

கணக்கு கடினமில்லை. ஓட்டக் கெழுவை, அதாவது பெய்யும் மழையில் தரையில் வழிந்தோடும் பங்கை, மழையின் வேகத்தாலும் பரப்பாலும் பெருக்கி 360-ஆல் வகுத்தால் விநாடிக்கு எத்தனை கன மீட்டர் வரும் என்று தெரிந்துவிடும். மேட்டுக்கு மேல்புறம் 20 ஹெக்டர் செம்பனை, கெழு 0.5, மழை மணிக்கு 100 மில்லிமீட்டர் என்று வையுங்கள். 0.5 × 100 × 20 ÷ 360 = 2.78. நம் பக்கம் பிற்பகல் இடிமழையில் 100 மில்லிமீட்டர் வேகம் அதிசயமில்லை. 900 மில்லிமீட்டர் குழாயின் வாய்ப்பரப்பு 0.64 சதுர மீட்டர். தண்ணீர் விநாடிக்கு 2 மீட்டர் ஓடினால் ஒரு குழாய் 1.27 கன மீட்டர் கடத்தும். இரண்டு குழாய் 2.54. போதாது, மூன்று வேண்டும். வரைபடத்தில் இரண்டு இருந்தால் அங்கேயே கேள்வி கேட்கலாம், அதற்குப் பொறியியல் பட்டம் தேவையில்லை. அதே 20 ஹெக்டரில் மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டால் கெழு 0.5-இல் நிற்காது, ஏறும். குழாயில் பாதி உயரத்துக்கு மண் தங்கிவிட்டால் வாய்ப்பரப்பு பாதியாகிவிடும். அப்போது மூன்று குழாய் இருந்தும் ஒன்றரைக் குழாய்தான்.

மேடு எழும்பும்போது தற்காலிகக் குழாய் போடுவார்கள். பெருவெள்ளம் பெரும்பாலும் வருவது அப்போதுதான், நிரந்தரக் குழாயால் இல்லை. லாரி கடக்க 600 மில்லிமீட்டர் குழாய் ஒன்றைப் போட்டு மேலே மண்ணைத் தள்ளியிருப்பார்கள், ‘இரண்டு மாதத்துக்குத்தானே’ என்று. அந்த இரண்டு மாதம் நவம்பர், டிசம்பரில் விழுந்தால் வடகிழக்குப் பருவமழை நேரே லயத்துக்குள் வரும். ஆகவே கேள்வியைப் பிரித்துக் கேளுங்கள்: நிரந்தரக் குழாய் எத்தனை, தற்காலிகக் குழாய் எத்தனை, தற்காலிகம் எந்த மாதத்தில்?

மண் தடுப்பு வேலைகளை மேற்பார்க்க நடந்து போனாலே போதும். மண் தடுப்புத் துணியின் அடிப்பகுதியைச் சுமார் 15 செண்டிமீட்டர் ஆழக் குழி வெட்டிப் புதைத்து, மண்ணைத் திரும்பப் போட்டு மிதித்திருக்க வேண்டும். தரையில் தொங்கவிட்ட துணி படத்துக்கு ஆகும், மழைக்கு ஆகாது. தண்ணீர் அடியில் புகுந்து போய்விடும். வண்டல் குளத்தில் மண் சேரும் பகுதி பாதி நிரம்பியதும் வார வேண்டும். அதைப் பார்க்க ஒரு குச்சியில் கோடு போட்டு குளத்தில் நட்டுவிடச் சொல்லுங்கள், தூரத்திலிருந்தே தெரியும். குளத்து வெளிவாயில் தேநீர் நிறத்தில் தண்ணீர் போனால் குளம் வேலை செய்யவில்லை என்று பொருள். ஒரு கண்ணாடி போத்தலில் பிடித்து, நாள் நேரம் எழுதி, வெளிச்சத்தில் படம் எடுத்துச் சுற்றுச்சூழல் இலாகாவுக்கு அனுப்பலாம். மண் அரிப்பு, வண்டல் கட்டுப்பாட்டுத் திட்டம் என்று ஒன்று ஒவ்வொரு மண்வேலைக்கும் இருக்கும். அதில் உங்கள் கால்வாய் எந்த எண்ணில் இருக்கிறது என்று கேட்டு வைத்தால் புகாரில் இடத்தை விளக்கத் தேவையில்லை.

தூசிக்குத் தண்ணீர் லாரியும், சாலைக்கு ஏறும் இடத்தில் சக்கரம் கழுவும் தொட்டியும் போதும். தொட்டித் தண்ணீரை மாற்றாவிட்டால் அது சக்கரத்துக்குச் சேறு பூசும் தொட்டி. பள்ளிக்கூட நேரத்தில் லாரி வேண்டாம் என்று சொன்னால் ‘முயற்சி செய்கிறோம்’ என்பார்கள். காலை 6.45 முதல் 7.45, மதியம் 12.45 முதல் 2.00 என்று மணி போட்டு எழுதிக் கொடுத்தால் அது போக்குவரத்துத் திட்டத்தில் ஏறும்.

மண் எடுக்கும் குழியைப் பற்றி நான் கொஞ்சம் அழுத்தியே சொல்வேன். பாதை போகும் நிரந்தர நிலத்தை எடுப்பது அரசாங்கம். ஆனால் மண் குழி, மண் கொட்டும் இடம், கான்கிரீட் கலக்கும் தளம், தொழிலாளர் தங்கும் கொங்சி, இவற்றுக்கான தற்காலிக நிலத்தைக் குத்தகையாளரே தோட்டத்திடமோ தனியாரிடமோ வாடகைக்கு எடுக்கிறார். இதில் அவர் பொறுப்பை யார் தலையிலும் தள்ள முடியாது. வேலை முடிந்ததும் குழியில் மழைநீர் நின்று, கரை செங்குத்தாக, குளம் போல ஆகிவிடும். மேலே பார்த்தால் அமைதியான தண்ணீர். கரையில் கால் வைத்தால் களிமண் வழுக்கும், பிடித்து ஏற எதுவும் இருக்காது. பள்ளி விடுமுறையில் பிள்ளைகள் போவது அங்கேதான். வாடகைப் பத்திரத்தில் மூன்று விஷயங்கள் இருக்க வேண்டும்: வேலை நடக்கும்போது வேலி, முடிந்ததும் கரையைச் சரித்துத் தண்ணீர் வடிய வெட்டுவது, ஆரம்பத்திலேயே வழித்துக் குவித்து வைத்த மேல்மண்ணைத் திரும்பப் பரப்புவது. மேல்மண்ணைக் குவிக்காமல் மற்ற மண்ணோடு கலந்துவிட்டால் பிறகு அங்கே லாலாங் புல்கூட ஒழுங்காக வராது.

விரிசலுக்கு வருவோம். அடித்தளக் கம்பம் அடிக்கும்போதோ அதிர்வு உருளை ஓடும்போதோ லயத்துச் சுவரில் விரிசல் விழுகிறது. ‘அது பழைய விரிசல்’ என்ற பதிலுக்கு எதிரே நிற்க ஒரே வழி, வேலை தொடங்குவதற்கு முன் எடுத்த பதிவு. குத்தகையாளரே ஆள் அனுப்பி வீடு வீடாகப் பதிவு எடுப்பார், ஆனால் பெரும்பாலும் பாதைக்கு ஒட்டிய வரிசை மட்டும். இரண்டாவது, மூன்றாவது வரிசையையும் சேர்க்கச் சொல்லுங்கள். சேர்க்காவிட்டால் நீங்களே எடுங்கள்: ஒவ்வொரு அறையின் நான்கு சுவர், கதவு சன்னல் மூலைகள், தரை, கழிப்பறை. விரிசல் இருக்கும் இடத்தில் பக்கத்தில் அளவுகோல் வைத்து ஒரு படம், அறை முழுக்கத் தெரிய ஒரு படம். விரிசல் முடியும் நுனியில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். கோட்டைத் தாண்டி வளர்ந்தால் புது விரிசல். குத்தகையாளர் எடுத்த பதிவின் நகலை வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டு வாங்கி வைக்க வேண்டும். கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு நகல் வாங்காமல் விடுவதுதான் நடக்கிறது.

நிலத்தைப் பற்றி எழுதாமல் தோட்டத்தைப் பற்றி எழுத முடியாது. 1960-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம், அதாவது சட்டம் 486, இழப்பீடு பெறத் தகுந்தவர் யார் என்று சொல்லும் இடத்தில், நில உரிமையாளர் விருப்பத்தின் பேரில் குடியிருப்பவரை வெளியே வைத்துவிடுகிறது. மூன்று தலைமுறையாக லயத்தில் இருந்தாலும், கையில் வாடகைப் பத்திரம் இல்லாவிட்டால் சட்டத்தின் கண்ணில் அந்த இடம்தான். இழப்பீடு தோட்ட நிறுவனத்துக்குப் போகும். லயத்துக்குக் கிடைப்பது கருணைத் தொகை, அதாவது யாரும் கொடுத்தே ஆக வேண்டும் என்று இல்லாத தொகை.

ஆகவே பேச வேண்டிய காலம் முக்கியம். நில எடுப்புக்கான பாரம் ஏ, அதாவது படிவம் ஏ, ஒட்டப்பட்டால் அது முன்னறிவிப்பு. பாரம் டி என்றால் எடுப்பது உறுதி. பாரம் ஈ விசாரணைக்கு அழைப்பு. பாரம் எச் இழப்பீட்டுத் தொகையைச் சொல்வது, பாரம் கே நிலத்தைக் கைப்பற்றுவது. பாரம் எச் போய்ப் பணம் தோட்டத்துக்குக் கொடுக்கப்படும் வரைதான் பேச எல்லோரும் மேசைக்கு வருவார்கள். பாரம் ஈ விசாரணை நாளில் உங்கள் பெயர் அழைப்பில் இல்லாவிட்டாலும் நில அலுவலகத்தில் எழுத்து மூலமாக விவரத்தைக் கொடுத்து முத்திரை வாங்குங்கள்: எத்தனை குடும்பம், எத்தனை பேர் இன்னும் வேலையில், எத்தனை பேர் ஓய்வு பெற்றவர்கள். இந்தப் பிரிவு முக்கியம். வேலையில் இருப்பவர்களைப் பற்றித் தோட்டம் ஏதாவது சொல்லியாக வேண்டும். ஓய்வு பெற்ற தண்டல் மேற்பார்வையாளரும் ரப்பர் பால் வெட்டிய பாட்டியும்தான் நடுவில் விழுந்துவிடுகிறார்கள். நில உரிமை உள்ளவர் தொகையில் திருப்தி இல்லாவிட்டால் பாரம் என் வழியாக நீதிமன்றம் போகலாம். விசாரணைக்கு வந்திருந்தவருக்குத் தீர்ப்பு நாளிலிருந்து ஆறு வாரம்தான் அவகாசம். ரயில் பாதை என்றால் இதற்கெல்லாம் முன்னாலேயே, 2010-ஆம் ஆண்டு தரைப் பொதுப் போக்குவரத்துச் சட்டப்படி, பாதை வரைபடத்தை மூன்று மாதம் பொதுமக்கள் பார்வைக்கு வைப்பார்கள். பாதை நகரக்கூடிய ஒரே காலம் அது.

பாதை நகரும் என்பதற்கு நம் பக்கத்திலேயே கதை இருக்கிறது. மாரானில் வெள்ளைக்காரன் காலத்தில் சாலை போட்டபோது வெட்ட முயன்ற மரத்தில் ரத்தம் கசிந்தது, சாலையை வளைத்துப் போட்டார்கள், மரத்தாண்டவர் அங்கே நின்றார் என்று சொல்வார்கள். இன்றைய ரயில் பாதை அவ்வளவு சுலபமாக வளையாது. அதனால் தோட்டத்துக் கோவில்கள்தான் நகர வேண்டியிருக்கிறது, அதற்கு ஒரு முறை இருக்கிறது. மூலவரின் சக்தியைக் கும்பத்துக்கோ பலகைப் படத்துக்கோ மாற்றி, பாலாலயம் செய்து, சின்னக் கொட்டகையில் அன்றாடப் பூசை நின்றுவிடாமல் நடத்த வேண்டும். அதன் பிறகே பழைய கட்டடத்தில் கை வைக்கலாம். புதுக் கோவில், கும்பாபிஷேகம், 48 நாள் மண்டலாபிஷேகம் எல்லாம் பிறகு. ஆடியிலும் மார்கழியிலும் நாள் வைக்க மாட்டார்கள். வெளிநாட்டு மேலாளருக்கு இது எதுவும் தெரியாது, தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கவும் முடியாது. அவருக்குப் புரிவது வேலை அட்டவணை. ‘பாலாலயத்துக்கு இடம் தயாராக வேண்டிய தேதி, பாலாலய நாள், அதற்குப் பின்னரே உடைக்கலாம்’ என்று மூன்று வரியாகக் கொடுத்தால் அட்டவணையில் போட்டுக்கொள்வார். புல்டோசர் வந்து நிற்கும் நாளில் ஐயரைத் தேடினால் ஊரே கொந்தளிக்கும், அதில் தவறு இரண்டு பக்கமும் இருக்கும். புது இடத்துக்கு நிலப்பத்திரம் கோவில் பெயரில் வருகிறதா என்பதைக் கூரை, கோபுரம் பற்றிப் பேசும் முன்பே கேட்டுவிட வேண்டும். பத்திரம் இல்லாத புதுக் கோவில், அடுத்த பாதைக்குக் காத்திருக்கும் கோவில்.

கொங்சிக்கு வருவோம். நம் பாட்டன்மாருக்காக இருந்த லயத்து வீட்டுச் சட்டம்தான் இன்று வங்காளதேசத்துத் தொழிலாளியையும் காக்கிறது. சட்டம் 446 எனப்படும் அது முதலில் தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்குமானது. 2020 ஜூன் 1 முதல் எல்லாத் துறைக்கும் பரவியது. பெரிய கூடமாகப் படுக்கும் இடம் என்றால் ஒருவருக்கு 3 சதுர மீட்டர், 15 பேருக்கு ஒரு கழிப்பறை, ஒரு குளியலறை. தனிக் கட்டில், குறைந்தது 4 அங்குல மெத்தை, பூட்டுள்ள அலமாரி. தொழிலாளர் இலாகாவின் தங்குமிடச் சான்றிதழ் இல்லாமல் ஆள் தங்க வைத்தால் 50,000 வெள்ளி வரை அபராதம். 150 பேர் கொங்சிக்கு 10 கழிப்பறை, 450 சதுர மீட்டர் படுக்கும் இடம் என்று எண்ணிப் பார்க்கலாம். ஊர்க்காரர் இதில் ஏன் தலையிட வேண்டும் என்றால், கழிவுத் தொட்டி சிறியதாக இருக்கும் கொங்சி, தோட்டத்து ஓடையில்தான் கழிவை விடும். அது ஒரு காரணம். இன்னொரு காரணம் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? லயத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்த நெரிசல் தெரியும்.

நம் பிள்ளைகளுக்கு வேலை கேட்கும்போது ‘உள்ளூர்க்காரருக்கு முன்னுரிமை’ என்ற வரியை வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள். எத்தனை பேர், எந்த வேலைக்கு, எந்த மாதத்திலிருந்து? 30 மாத வேலையில் கம்பி கட்டவும் சாரம் கட்டவும் கிரேன் ஓட்டவும் ஆள் அதிகம் தேவைப்படுவது நடுப்பகுதியில். 20-ஆம் மாதம் பயிற்சிக்கு அனுப்பினால் பிள்ளை திரும்பும்போது வேலை முடிந்திருக்கும். முதல் காலாண்டிலேயே பயிற்சி தொடங்க வேண்டும். தளத்தில் நுழைய கட்டுமானத் துறை மேம்பாட்டு வாரியமான சிஐடிபியின் பச்சை அட்டை வேண்டும், அதற்கு ஒரு நாள் பாதுகாப்புப் பயிற்சி. சோதனைக்கூட உதவியாளர், நில அளவை உதவியாளர், பண்டகசாலைக் கிராணி வேலைகளுக்குப் பெண் பிள்ளைகளின் பெயரையும் சேர்த்துக் கொடுங்கள், யாரும் தானாகக் கேட்க மாட்டார்கள்.

வேலை கிடைத்த பிறகு வரும் தொல்லை சம்பளம். வெளிநாட்டு நிறுவனத்துக்குக் கீழே ஒரு குத்தகையாளர், அவருக்குக் கீழே இன்னொருவர், கடைசியில் ஒரு லாரியும் ஒரு கைத்தொலைபேசியும் மட்டும் உள்ளவர். அவர் காணாமல் போவார். 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 33-ஆம் பிரிவு இதற்காகவே இருக்கிறது: துணைக் குத்தகையாளர் தராத சம்பளத்துக்கு மேலே உள்ள குத்தகையாளர்களும் சேர்ந்து பொறுப்பு. ஆனால் தொடர்ந்து மூன்று மாதச் சம்பளத்துக்கு மேல் கேட்க முடியாது, சம்பளம் தர வேண்டிய நாளிலிருந்து 90 நாளுக்குள் வழக்கைத் தொடங்கியிருக்க வேண்டும். ‘அடுத்த மாதம் சேர்த்துத் தருகிறேன்’ என்ற பேச்சை நம்பி நான்கு மாதம் காத்திருப்பவர் இரண்டு வழியிலும் இழக்கிறார். முதல் மாதம் தவறியதுமே தொழிலாளர் இலாகாவுக்குப் போங்கள். வாயில் அனுமதி அட்டையின் படம், வருகைப் பதிவு, மேற்பார்வையாளரோடு பேசிய வாட்ஸ்அப், இவை மூன்றும் இருந்தால் எந்தத் தளத்தில் யாருக்குக் கீழே வேலை என்று நிரூபித்துவிடலாம்.

பள்ளிக்கூடத்துக்குக் கேட்பதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், மேலே சொன்னவற்றைக் கேட்ட பிறகும் அதைக் கேட்கலாம் என்பதுதான். கேட்கும்போது கட்டடத்தின் நிலையைப் பார்த்துக் கேளுங்கள். 20 கணினி, ஒவ்வொன்றும் திரையோடு 200 வாட் என்றால் 4 கிலோவாட். அறைக்கு இரண்டு குளிர்சாதனம் சேர்த்தால் ஏறக்குறைய 6.5 கிலோவாட், ஒருமுனை மின்சாரத்தில் 28 ஆம்பியர். பழைய தோட்டப் பள்ளியின் மின்கம்பி விசிறிக்கும் விளக்குக்கும் போட்டது. கணினிகள் பெட்டியிலேயே இருந்து பழசாவதற்கு ஆசிரியர்கள் காரணமில்லை. மின்கம்பி மாற்றுவதை முதலில் கேளுங்கள், கணினியைப் பிறகு யாராவது தருவார்கள். பள்ளி நிற்பது தோட்டத்து நிலமாக இருந்தால், கட்டடம் எதுவானாலும் நில உரிமையாளரின் எழுத்து அனுமதி வேண்டும். இலவசமாகக் கட்டித் தந்தாலும் வரைபடம் சமர்ப்பிக்கும் பொறுப்பாளர் ஒருவர் வேண்டும், கட்டி முடித்ததும் நிறைவுச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் இல்லாத வகுப்பறையை மாவட்டக் கல்வி இலாகா பூட்டி வைக்கச் சொன்னால் வாதிட முடியாது.

ஒப்படைப்புக் காலத்தில் ஒரு வேலை பாக்கி இருக்கிறது, பெரும்பாலும் தவறிப்போவதும் அதுதான். பாதை திறந்த பிறகு குறைபாட்டுப் பொறுப்புக் காலம் என்று ஓர் ஆண்டு அல்லது இரண்டு ஆண்டு இருக்கும். அதற்குள் சொன்ன குறையைக் குத்தகையாளர் தன் செலவில் சரி செய்ய வேண்டும், அதற்காகப் பணத்தில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்திருப்பார்கள். அந்தக் காலம் முடிந்ததும் நிறுவனம் ஊர் திரும்பிவிடும். முடியும் தேதியை மேற்பார்வைப் பொறியாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்தத் தேதிக்கு மூன்று மாதம் முன்னால், ஒரு பெருமழை நாளில், மேட்டுக்கு அடியில் உள்ள ஒவ்வொரு குழாயின் இரண்டு வாயையும் படம் எடுங்கள்: மேல்வாயில் தண்ணீர் எந்த உயரத்தில் நிற்கிறது, கீழ்வாயில் கரை அரித்திருக்கிறதா. மழை விட்டு மறுநாள் அதே இடத்தில் உள்ளே தங்கிய மண்ணின் உயரத்தை அளவுகோல் வைத்து இன்னொரு படம். குழாய் எண்ணைப் படத்தின் ஓரத்தில் எழுதி, திட்ட உரிமையாளருக்கும் வடிகால், நீர்ப்பாசன இலாகாவான ஜேபிஎஸ்சுக்கும் நகராண்மைக் கழகத்துக்கும் ஒரே நாளில் கொடுத்து, மூன்று நகலிலும் பெற்றுக்கொண்ட முத்திரையை வாங்கி வையுங்கள்.